பழசு எந்தப் பக்கம் இருக்கிறது?

விழா மலர் அச்சடிப்பது எங்கள் தொழிலில் பெரும்பங்கு. கடலூரிலிருந்து புதுச்சேரி வரை, பழைய மாணவர் சந்திப்பு, ஓய்வு பெற்றோர் சங்க ஆண்டு விழா, கோயில் குடமுழுக்கு என எதற்கும் ஒரு மலர் வேண்டும். வந்து உட்கார்ந்ததும் கேட்பது இரண்டே கேள்விதான். பக்கத்துக்கு என்ன ரேட்? தலைப்பு என்ன வைக்கலாம்? முதல் கேள்விக்கு நான் பதில் சொல்லிவிடுவேன். இரண்டாவதற்கு நான் வாயைத் திறப்பதற்குள் அவர்களே, "மலரும் நினைவுகள்னு வச்சிடுங்க சார்" என்பார்கள்.

அந்தத் தலைப்பின் மேல் எனக்குக் கோபம் இல்லை, அலுப்புதான். பூ புதிதாக மலரும். நினைவோ பழசு. அது ஏன் மலர வேண்டும்? சரி, பழைய நாளை நினைப்பதற்குத் தமிழில் வேறு என்னதான் சொல்கிறோம், மற்ற மொழிக்காரர்கள் என்ன சொல்கிறார்கள் என்று புரூஃப் பார்ப்பதற்கு நடுவே அகராதிகளைப் புரட்ட ஆரம்பித்தேன். அதில் சேர்ந்த சரக்குதான் இது.

விழா மலரிலிருந்தே தொடங்கலாம். வாடிக்கையாளர்கள் அதை 'சோவனீர்' என்பார்கள். நகைக்கடை, ஜவுளிக்கடை வாழ்த்து விளம்பரங்களுக்கு நடுவே நாலு கட்டுரையும் நிர்வாகிகள் படமும் வருகிற புத்தகம் என்ற பொருள் நம்மூர் இங்கிலீஷுக்கே உரியது. மற்றவர்களுக்கு சோவனீர் என்பது சுற்றுலா போன இடத்தில் வாங்கும் சாமான். புதுச்சேரி கடற்கரைச் சாலைப் பக்கம் விற்கிறார்களே, மஞ்சள் சுவரும் காகிதப்பூவும் போட்ட ஃபிரிட்ஜ் காந்தம், அது. பிரெஞ்சுக்காரர்களுக்கு அந்தச் சொல்லின் முதல் பொருள் நினைவு. அதன் லத்தீன் மூலம் 'சுப்வெனிரே'. 'சுப்' என்றால் கீழிருந்து, 'வெனிரே' என்றால் வருதல். அடியில் கிடந்தது மேலே வருகிறது.

இதில் எனக்குப் பிடித்த இடம் பழைய பிரெஞ்சு இலக்கணம். இன்று 'நான் நினைவுகொள்கிறேன்' என்கிற மாதிரி வாக்கியம் அமைக்கிறார்கள். முன்பு, 'எனக்கு நினைவு வருகிறது' என்கிற மாதிரி அமைத்தார்கள். நினைப்பவர் எழுவாய் கிடையாது, அவருக்கு ஒன்று வருகிறது, அவ்வளவுதான். அந்த அமைப்பு அவர்களிடம் பழைய கவிதை நடையாகச் சுருங்கிவிட்டது. நமக்கோ அதுதான் அன்றாடப் பேச்சு. எனக்குப் பசி வருகிறது, தூக்கம் வருகிறது, அழுகை வருகிறது, ஞாபகம் வருகிறது. எல்லாம் வருகிறவை. நாம் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறோம். மறதிக்கும் இதே கணக்குதான், திசை மட்டும் வேறு: மறந்து போச்சு. வந்தது போய்விட்டது.

ஆகவே 'கடந்தகாலத்துக்குத் திரும்புதல்' என்று மலர்க் கட்டுரைகளில் படிக்கும்போதெல்லாம் எனக்கு உறுத்தும். யார் திரும்புவது? நம் பேச்சுத்தமிழில் பழசுதான் நம்மைத் தேடி வருகிறது. பழைய மாணவர் கூட்டத்தில் மைக் பிடித்து, "அந்தக் காலத்துக்கே போயிட்டேன்" என்று சொல்கிறவர்கள் உண்டு, தெரியும். ஆனால் அதே ஆள் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம், "டேய், அந்த சயின்ஸ் லேப் ஞாபகம் வருதுடா" என்றுதான் சொல்வார். மேடையில் போகிறார், பந்தியில் வருகிறது.

போய்த் திரும்புகிற சொல் என்றால், பழசுக்கு ஏங்குவதை இங்கிலீஷில் சொல்கிறார்களே, அந்த நாஸ்டால்ஜியா. ஹோமர் காலத்துச் சொல் போல ஒலிக்கும். ஆனால் பழைய கிரேக்கர் யாரும் அதை உச்சரித்ததில்லை. 1688-இல் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் யோஹன்னஸ் ஹோஃபர் என்ற 19 வயது மருத்துவ மாணவர் தன் ஆய்வேட்டுக்காகக் கட்டிய சொல் அது. 'நோஸ்தோஸ்' என்றால் வீடு திரும்புதல். டிராய்ப் போர் முடிந்து வீரர்கள் கப்பலேறி ஊர் வந்து சேர்ந்த கதைகளுக்குக் கிரேக்கர்கள் அந்தப் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். 'அல்கோஸ்' என்றால் வலி. அது நம் தெரு மருந்துக்கடை வரை வந்திருக்கிறது, வலி மாத்திரை அட்டையில் 'அனால்ஜெசிக்' என்று போட்டிருப்பதன் நடுப்பகுதி அதுதான்.

ஜெர்மன் பேசும் சுவிஸ்காரர்களிடம் இதற்கு 'ஹைம்வே' என்ற சொல் ஏற்கெனவே இருந்தது. வீட்டு நோவு. ஆனால் ஊர்ப்பேச்சை வைத்துக்கொண்டு மருத்துவப் பட்டம் வாங்க முடியுமா? கிரேக்கச் சட்டை போட்டு அனுப்பினார். நோசோமேனியா, ஃபிலோபாத்ரிடோமேனியா என்று வேறு இரண்டு பெயர்களையும் யோசித்து வைத்திருந்தார். இரண்டாவது நிலைத்திருந்தால் எங்கள் டிடிபி பெண் வேலையை விட்டே போயிருப்பார்.

ஹோஃபருக்கு இது சத்தியமாக ஒரு வியாதி. பெர்ன் ஊரிலிருந்து பாசலுக்குப் படிக்க வந்த ஒரு மாணவன் காய்ச்சலும் படபடப்புமாகப் படுத்த படுக்கையாகிறான். பிழைக்க மாட்டான் என்று முடிவு கட்டி, ஊருக்கே அனுப்பிவிடலாம் என்று வண்டியேற்றுகிறார்கள். ஊர் போய்ச் சேர்வதற்கு முன்பே, பாதி வழியிலேயே தெளிந்துவிடுகிறான். இன்னொரு நோயாளி நாட்டுப்புறத்துப் பெண். ஆஸ்பத்திரியில் மருந்தும் வேண்டாம் சோறும் வேண்டாம் என்று, "வீட்டுக்குப் போகணும்" என்ற ஒரே வார்த்தையைத் திருப்பித் திருப்பிச் சொன்னாள். அவளும் வீடு போய்க் குணமானாள்.

பிறகு வந்த யோஹான் ஷாய்க்ஸர் என்ற சுவிஸ் அறிஞர் இதற்கு இயற்பியல் காரணம் கண்டுபிடித்தார். மலைமேல் மெல்லிய காற்றில் வளர்ந்தவர்கள் சமவெளிக்கு இறங்கினால், கனத்த காற்று உடம்பை அழுத்தி ரத்த ஓட்டத்தைக் கெடுக்கிறது என்றார். நோயாளியை ஊருக்கு அனுப்ப முடியாவிட்டால் குன்றின் மேலோ கோபுரத்தின் மேலோ ஏற்றி வை என்பது அவர் வைத்தியம். வெளிநாட்டு ராஜாக்களிடம் கூலிக்குப் போர் செய்யப் போன சுவிஸ் சிப்பாய்களிடம் இந்த நோய் பரவியதாகப் பேச்சு இருந்தது. மாடு ஓட்டுகிறவர்கள் ஊரில் பாடும் மெட்டு ஒன்றைக் கேட்டாலே சிப்பாய்கள் அழுது, படையை விட்டு ஓடுகிறார்கள் என்பதால் படை நடுவே அதை இசைத்தால் மரண தண்டனை என்று விதி இருந்ததாகச் சிந்தனையாளர் ரூசோ தன் 1768-ஆம் ஆண்டு இசை அகராதியில் எழுதினார். அமெரிக்க உள்நாட்டுப் போரில்கூட ராணுவ மருத்துவர்கள் சீதபேதி, காய்ச்சல் வரிசையில் நாஸ்டால்ஜியாவையும் நோய்க்கணக்கில் எழுதி வைத்தார்கள்.

அந்த நோய் எப்போது ஃபேஸ்புக் பொழுதுபோக்காக மாறியது? இடத்துக்கான ஏக்கம் காலத்துக்கான ஏக்கமாக நழுவியபோது. ஜெர்மன் தத்துவ அறிஞர் இமானுவேல் கான்ட் இதை 1798-லேயே பிடித்துவிட்டார். ஊர் ஏக்கம் பிடித்தவர்கள் கடைசியில் ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் ஏமாந்து போகிறார்கள், அதனாலேயே குணமாகிறார்கள். எல்லாம் மாறிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள், உண்மையில் அங்கே விட்டு வந்த இளமையைத்தான் அவர்களால் திருப்பிக் கொண்டுவர முடியவில்லை என்றார். பாசல் மாணவனுக்கு வண்டி கிடைத்தது. நமக்கு வேண்டியது 1987 என்றால் அதற்கு எந்த பஸ் ஸ்டாண்டில் போய் நிற்பது?

புதுச்சேரியில் 'சொல்தா' என்று ஒரு சொல் உண்டு. சிப்பாய்க்கான பிரெஞ்சுச் சொல் அப்படியே தங்கிவிட்டது. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறி, 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் இருந்தன. அவற்றிலிருந்து பிரெஞ்சுப் படைக்குப் போய், ஓய்வூதியத்தோடு திரும்பியவர்கள் சொல்தா. ஒரு மலருக்குக் கட்டுரை கொடுக்க வந்த சொல்தா ஐயா ஒருவரிடம் ஹோஃபர் கதையைச் சொன்னேன். சிரித்தார்.

"அங்க இருக்கறப்ப வம்பாகீரப்பாளையம் ஞாபகம் வந்துக்கினே இருக்கும் தம்பி. கருவாட்டுக் கொழம்பு. அலைச் சத்தம். இங்க வந்து செட்டில் ஆன பிறகு, அங்க விடிகாலைல ரொட்டிக்கடை வாசல்ல ஒரு வாசனை வருமே, அது ஞாபகம் வருது. எங்க இருக்கனோ அங்க இல்லாததுதான் வருது."

கான்ட் பாராவாக எழுதியதை அவர் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார். அவர் சொன்னதிலும் எல்லாம் 'வருது'தான்.

இப்போது கடைத்தெரு. கடற்கரையை ஒட்டிய வீதிகளில் நடந்தால் ஒரே சாலையில் ஒரு கடைப் பலகை 'ஆன்டிக்' என்கும், இன்னொன்று 'ரெட்ரோ' என்கும். இரண்டும் லத்தீன் வழி வந்த சொற்கள், இரண்டும் பழசைத்தான் விற்கின்றன. ஆனால் ஆன்டிக் கடைக்காரர் பழசை முன்பக்கம் வைத்திருக்கிறார், ரெட்ரோ கடைக்காரர் முதுகுப்பக்கம் வைத்திருக்கிறார். ஆன்டிக்கின் வேர் 'ஆன்டே', அதாவது முன். 'ரெட்ரோ' என்றால் பின்னால், பின்புறமாக. அது பலகைக்கு வந்தது சமீபத்தில்தான். 1970-களின் தொடக்கத்தில் பிரான்சில் 1930, 40-களின் உடையும் பாணியும் மறுபடி மோஸ்தராகியபோது அதற்கு வைத்த சுருக்கப் பெயர் அது.

பக்கத்துப் பலகை 'வின்டேஜ்'. அந்தச் சொல் திராட்சைத் தோட்டத்திலிருந்து வருகிறது. திராட்சை அறுவடைக்கான லத்தீன் சொல் பிரெஞ்சு வழியே போய் இங்கிலீஷில் வின்டேஜ் ஆனது. எந்த ஆண்டு அறுவடை என்பதுதான் அதன் கேள்வி. பழசு என்பது அதற்குப் பொருளே கிடையாது. போன வருஷ ஒயினுக்கும் ஒரு வின்டேஜ் உண்டு.

முன், பின் விஷயத்துக்கு வருகிறேன். தமிழில் பழசு எந்தப் பக்கம்? முன்னோர், முன்பு, முன்னொரு காலத்தில், முற்பிறவி, தொடர்கதையில் வரும் முன்கதைச் சுருக்கம். எல்லாம் முன்பக்கம். வரப்போவது பின்பக்கம்: பின்னாளில், பிற்காலம், பின்தலைமுறை, "அப்புறம் பின்னாடி பார்த்துக்கலாம்". முன்னேர் போன வழியே பின்னேர் என்கிறது பழமொழி. வயலில் ஏர்கள் வரிசையாகப் போகின்றன. முதலில் இறங்கியது முன்னால் போகிறது. தாத்தா முன்னேர், நான் நடுவில், பேரன் பின்னேர். யாரும் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. பழசு கண்ணுக்கு எதிரே உழுதபடி போய்க்கொண்டிருக்கிறது. ஆண்டீஸ் மலைப்பகுதியில் பேசப்படும் அய்மாரா மொழியிலும் கண், முன்பக்கம், கடந்தகாலம் மூன்றையும் 'நய்ரா' என்ற ஒரே சொல் சுட்டுகிறது. பார்த்தாகிவிட்டது கண் முன்னால் இருக்கிறது, பார்க்காதது முதுகுக்குப் பின்னால்.

நவீனத் தமிழில் மேடைப்பேச்சும் பத்திரிகையும் இன்னொரு படத்தைக் கொண்டுவந்தன. அதில் தனி மனிதன் ஒருவன் எதிர்காலத்தை நோக்கி நடக்கிறான், பழசு முதுகுக்குப் பின்னால் விழுந்துகொண்டே போகிறது. முன்னேற்றம், முற்போக்கு, பிற்போக்கு, பின்தங்கிய. முன்னோருக்கு இருக்கும் அதே 'முன்' முற்போக்கிலும் இருக்கிறது, ஆனால் இரண்டும் எதிரெதிர்த் திசை. இந்த இரண்டு படமும் ஒரே வாக்கியத்தில் மோதிக்கொள்வதைப் புரூஃப் பார்க்கிறவன் அடிக்கடி பார்ப்பான். 'நம் முன்னோர்களைச் சற்றே பின்னோக்கிப் பார்ப்போம்' என்று ஒரு மலரில் வந்தது. முன்னால் போகிறவரைப் பின்னோக்கிப் பார்த்தால் கழுத்துதான் சுளுக்கும். வெட்டிவிட்டு 'நினைத்துப் பார்ப்போம்' என்று போட்டேன்.

இலக்கணத்தில் காலத்துக்கு வைத்த பெயர்கள் வேறொரு கதை. இறப்பு, நிகழ்வு, எதிர்வு என்கிறது தொல்காப்பியம். எதிர்காலம் எதிரே வருகிறது. நிகழ்காலம் நடக்கிறது. இறந்தகாலம் நம்மைக் கடந்து போயிற்று. 'இற' என்ற வினைக்குக் கடத்தல், வரம்பு மீறல் என்பது பழைய பொருள். சாவைச் சொல்வது, போய்விட்டார் என்கிற மாதிரி அதிலிருந்து கிளைத்த மரியாதை வழக்கு. குறளில் 'இறந்தார் இறந்தார் அனையர்' என்று 310-வது குறள் தொடங்கும். முதல் 'இறந்தார்' சினத்தில் எல்லை கடந்தவர், இரண்டாவது செத்தவர். ஒரே அடியில் இரண்டு பொருளையும் வைத்து விளையாடியிருக்கிறார். மணிவிழா மலர் ஒன்றில் 'இறந்தகால நினைவுகள்' என்று இருந்ததைப் பார்த்து அந்த வீட்டு அம்மா பதறிப்போனார். "ஐயையோ, இறந்தன்னு வேணாங்க, கடந்தன்னு போட்டுடுங்க." இரண்டும் ஒரே பொருள்தான் என்று அப்போது விளக்கம் சொல்வது நாகரிகமில்லை. மாற்றிவிட்டேன்.

திரும்பி வருகிறவர்கள் பற்றிப் பிரெஞ்சில் ஒரு விசித்திரமான சொல் இருக்கிறது: 'ரெவ்னான்'. திரும்பி வருகிறவர் என்பது நேர்ப்பொருள், வழக்கில் பேய். ரொம்ப நாள் கழித்துத் தலைகாட்டும் நண்பனைப் பார்த்தும், "அடே, ரெவ்னான்!" என்று கிண்டல் செய்வார்கள். இந்தச் சொல்லுக்கு அளவெடுத்துத் தைத்த ஆள் ஒருவர் புதுச்சேரி வரலாற்றில் இருக்கிறார்.

வானியலாளர் லே ஜாந்தீ. வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்க 1760-இல் பிரான்சை விட்டுப் புதுச்சேரிக்குக் கப்பலேறினார். நடுவழியில் இங்கிலீஷ்காரர்கள் ஊரைப் பிடித்துவிட்ட செய்தி வந்தது. 1761 ஜூனில் கடப்பு நடந்தபோது அவர் ஆடும் கப்பலில் நின்றுகொண்டிருந்தார். கணக்கெடுத்தால் ஒன்றுக்கும் உதவாது. அடுத்த கடப்பு 1769-இல். இருந்தே பார்த்துவிடலாம் என்று கீழை நாடுகளிலேயே தங்கினார். ஊர் பிரெஞ்சுக்காரர்களிடம் திரும்பி வந்த பின் இங்கே வந்து, இடிந்த கோட்டை மாளிகையின் மேல் ஒரு நோக்குமாடம் கட்டிக்கொண்டு காத்திருந்தார். அந்தக் காத்திருப்பில் தமிழர்களின் கிரகணக் கணக்கு முறையைக் கற்றுக்கொண்டு எழுதியும் வைத்தார். அந்த நாள் வந்தது. காலையில் சரியாகக் கடப்பு நேரத்துக்கு மேகம் மூடிக்கொண்டது. முடிந்த பிறகு சுள்ளென்று வெயில்.

1771-இல் ஊர் போய்ச் சேர்ந்தால், அவர் செத்துவிட்டதாக முடிவாகியிருந்தது. வாரிசுகள் சொத்தைப் பிரிக்கும் வேலையில் இறங்கியிருந்தார்கள். அறிவியல் கழகத்தில் அவர் நாற்காலியில் வேறொருவர். தான் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வழக்காட வேண்டியிருந்தது. நோஸ்தோஸ் என்று கிரேக்கர்கள் பாடினார்களே, அந்த வீடு திரும்பல் நடைமுறையில் இப்படியும் முடியலாம்.

இனி இந்த வட்டாரத்தின் வேடிக்கை ஒன்று. இங்கே பழைய பெயர் என்று எதைத் தொட்டாலும் உள்ளே 'புது' இருக்கும். 2006-இல் பாண்டிச்சேரியைப் பழைய பெயருக்கே மாற்றினார்கள். அந்தப் பழைய பெயர் புதுச்சேரி. தெற்கே பரங்கிப்பேட்டைக்குப் போர்த்துக்கீசியர் வைத்தது போர்ட்டோ நோவோ, புதுத் துறைமுகம். நடுவில் எங்கள் கடலூர். பஸ்ஸில் கண்டக்டர், "ஓ.டி.யா, என்.டி.யா?" என்று கேட்பார். ஓல்டு டவுன், நியூ டவுன். இந்த நியூ டவுனுக்குள்தான் திருப்பாதிரிப்புலியூர் இருக்கிறது. கல்லைக் கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர் கரையேறி வந்து 'ஈன்றாளுமாய்' என்று பாடிய கோயில். ஏழாம் நூற்றாண்டுப் பாட்டு இருக்கிற ஊர் நியூ, கம்பெனிக்காரர்கள் துணி ஏற்றுமதி செய்த துறைமுகப் பக்கம் ஓல்டு. யார் கணக்கில் பழசு என்று யாரும் கேட்பதில்லை.

புராணம் என்ற சொல்லுக்கு வேதச் சொற்களுக்குப் பொருள் சொல்லும் பழைய நூலான யாஸ்கரின் நிருக்தம் தரும் விளக்கம் இந்த இடத்தில் பளிச்சென்று பொருந்தும். 'புரா நவம் பவதி', முன்பு புதிதாக இருந்தது. வேர் ஆராய்ச்சியாக இன்று அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எனக்கு அதனாலெல்லாம் கவலையில்லை, பழசுக்கு இதைவிட நல்ல விளக்கம் எந்த அகராதியிலும் பார்க்கவில்லை.

பழசைப் புதுசாக்குகிற வேலையும் இங்கே ஜரூராக நடக்கிறது. கடற்கரைச் சாலையில் 'மேரி கட்டடம்' என்று ஊர் சொல்வது மாதாவின் பெயரால் இல்லை. 'மெரி' என்றால் பிரெஞ்சில் நகராட்சி மன்றம். 1870-களின் தொடக்கத்தில் கட்டியது, 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பழைய வடிவத்திலேயே மறுபடி கட்டி 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். இப்போது அது பழைய கட்டடமா, புதுக் கட்டடமா? 'புனரமைப்பு' என்று செய்தித்தாள் எழுதியது. பக்கத்து வீதிகளில் பழைய வீடுகளைச் செப்பனிட்டு உணவகமாக்கியிருக்கிறார்கள். அதிலும் ஒரு சொல் ஒளிந்திருக்கிறது. 'ரெஸ்தொரேஷன்' என்ற சீரமைப்பும் 'ரெஸ்டாரன்ட்'டும் ஒரே வேர். 18-ஆம் நூற்றாண்டுப் பாரிசில் ரெஸ்தொரான் என்றால் இளைத்த உடம்பைத் தேற்றும் சூப். அப்புறம் அதை விற்ற கடைக்குப் பெயரானது. வீட்டைத் தேற்றிக் கடையாக்கியிருக்கிறார்கள், பில்லைப் பார்த்தால் நாம்தான் இளைத்துப் போவோம்.

சரி, நாஸ்டால்ஜியாவுக்குத் தமிழ் என்ன? கடந்தகால ஏக்கம் என்று எழுதுகிறார்கள். அலுவலகப் படிவம் போல இருக்கிறது. ஈழத்தில் 'நனவிடை தோய்தல்' என்ற அழகான தொடர் புழங்குகிறது. எஸ். பொன்னுத்துரை தன் இளமைக்கால யாழ்ப்பாண நினைவுகளுக்கு வைத்த தலைப்பு அது. மலர்க் கமிட்டிக்காரர்களிடம் சொல்லிப் பார்த்தேன். "தோசைக்கு ஊறப் போடுற மாதிரி இருக்கு சார்" என்றார் ஒருவர்.

என் ஓட்டு புறநானூற்றின் 243-ஆம் பாட்டுக்கு. பாடியவர் இயற்பெயர் தெரியாது. பாட்டில் வரும் ஊன்றுகோலை வைத்தே தொடித்தலை விழுத்தண்டினார் என்று அழைக்கிறார்கள். கிழவர் ஒருவர் தன் சின்ன வயசை நினைக்கிறார். மணலில் செய்த பாவைக்குப் பூச்சூட்டி, பெண்பிள்ளைகளோடு கைகோத்துக் குளத்தில் ஆடி, தண்ணீர்மேல் தாழ்ந்த மருதமரக் கிளையில் ஏறி, கரையில் நிற்பவர்கள் மிரள, தண்ணீர் சிதற, ஆழமான மடுவில் 'துடுமெனப் பாய்ந்து', அடிமணலை அள்ளிக்கொண்டு மேலே வந்து காட்டிய இளமை. அது இப்போது எங்கே இருக்கிறதோ என்கிறார். தான் பேசுவதையே, இருமலுக்கு நடுநடுவே வரும் சில சொல் என்கிறார். ஆட்டத்துக்கு அத்தனை வரி கொடுத்தவர் முதுமைக்குக் கொடுத்தது ஒரு தடியும் ஒரு இருமலும்தான்.

அந்தப் பாட்டின் தொடக்கம்: 'இனி நினைந்து இரக்கம் ஆகின்று'. ஏக்கம் என்று சொல்லவில்லை, இரக்கம் என்கிறார். திரும்பிப் போக வேண்டும் என்ற ஆசையும் அதில் இல்லை. யார்மேல் இரக்கம்? அந்தப் பையன்மேலா, இந்தக் கிழவன்மேலா, பாட்டு சொல்லவில்லை. இரங்கலை நெய்தல் நிலத்துக்கு உரிப்பொருளாக்கியிருக்கிறது நம் இலக்கணம். அதாவது தேவனாம்பட்டினத்திலிருந்து காலாப்பட்டு வரை எங்கள் கரை முழுக்க அதிகாரபூர்வ இரங்கல் பிரதேசம். இன்று அந்தச் சொல்லைக் கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டோம். விழா மலரில் போட்டால் அடிக்க வருவார்கள்.

'நினைவுகளை மீட்டெடுத்தல்' என்பதும் இப்போது ஓடுகிற தலைப்பு. மீட்பு என்ற சொல்லை நான் அதிகம் பார்ப்பது அடகுக்கடைப் பலகையில்தான். வாடிக்கையாளர்கள் வாயில் அதுவும் வராது. "நகையைத் திருப்பணும்" என்பார்கள். தவணைக்குள் திருப்பாவிட்டால் நகை 'மூழ்கிப் போச்சு'. ஏலத்துக்குப் போய்விடும். கீழிருந்து மேலே வருவது லத்தீன்காரனுக்கு நினைவு, மடுவின் அடிமணலை அள்ளி வந்தது சங்கக் கிழவரின் இளமை, நம் கடைத்தெருவில் மூழ்கியது மூழ்கியதுதான்.

கடைசியாகத் தமிழ் வலைப்பதிவர்கள் செய்த சொல். பழைய படங்களில் கதை பின்னால் போகும்போது திரையில் ஒரு சுருள் சுழலும். அதைக் கொசுவர்த்திச் சுருளோடு ஒப்பிட்டு, பழங்கதை எழுதுவதையே 'கொசுவத்தி சுத்துறது' என்றார்கள். ஃப்ளாஷ்பேக் என்ற சொல்லும் புகையும் நெருப்பும் பக்கத்திலிருந்து வந்ததுதான். கொதிகலனிலும் எரிவாயுக் குழாயிலும் தீ வந்த வழியே பின்பக்கம் பாய்வதற்கு வைத்த பெயர், அப்புறம் சினிமாவுக்குப் போனது. சிப்காட் பக்கம் கேஸ் வெல்டிங் செய்கிறவர்களுக்கு இன்றும் அது தொழில் சொல். தீ சிலிண்டர் வரை போய்விடாமல் தடுக்க 'ஃப்ளாஷ்பேக் அரெஸ்டர்' என்று ஒன்றை மாட்டுவார்கள். சில சங்கச் செயலாளர்கள் மைக்கிலும் ஒன்று மாட்டலாம்.

கொசுவத்தியும் இப்போது பழசு. இன்றைய சொல் '90ஸ் கிட்ஸ்'. அதில் திரும்புதலும் இல்லை, ஏக்கமும் இல்லை, பிறந்த வருஷம்தான் தகுதி. 2கே கிட்ஸ் என்று எதிர்க்கட்சியும் உருவாகிவிட்டது. என் அக்கா பையன் 2004-இல் பிறந்தவன், எதிர்க்கட்சி. அச்சகத்தில் வந்து உட்கார்ந்து அவன் ஒருநாள், "எங்க காலத்துல டாப்-அப் கார்டைச் சுரண்டிதான் மாமா ரீசார்ஜ் பண்ணணும்" என்று ஆரம்பித்தான்.

"உங்க காலமா? அப்போ இது யார் காலம்டா?"

கொஞ்சம் யோசித்தான்.

"தெரியல மாமா. இது சும்மா போயிட்டிருக்கு."